தொட்டுக்க என்ன இருக்கு?

சாயங்கால ரயிலில் கொரடாச்சேரியில் இறங்கி வீடு சேர ஏழு மணி ஆகிவிடும். ஐப்பசி என்றால் குடை, சேறு, கையில் தூக்கிய செருப்பு எல்லாம் சேர்ந்து ஏழேகால். திண்ணையில் பையை வைக்கும் முன்பே சின்னவன் கேட்பான்: "அம்மா, ராத்திரிக்கு என்ன?" வீட்டில் ஆறு பேர். மாமனாருக்குச் சர்க்கரை. ஏழரைக்கு மாத்திரை போட்டால் எட்டு மணிக்குத் தட்டு வந்தாக வேண்டும். பெரியவள் பத்தாம் வகுப்பு, எட்டரைக்கு மேல் புத்தகத்தை விட்டு எழுந்து வரமாட்டாள். ஆக, என் கையில் இருப்பது முக்கால் மணி நேரம்.

போன வாரம் ஒரு நாள் அடைமழை. காய்வண்டி மூன்று நாளாக வரவில்லை. அடுக்களையில் இருந்தது இவ்வளவுதான்: புளித்துப்போன தோசை மாவு அரைச் சட்டி, மதியம் வடித்த சோறு கொஞ்சம், மதியக் குழம்பு ஒரு கிண்ணம், நாலு முட்டை, ரெண்டு உருளைக்கிழங்கு, கையளவு சின்ன வெங்காயம், அரை மூடி தேங்காய், புளித்த தயிர். அப்புறம் டப்பாக்களில் எப்போதும் கிடக்கிற ரவை, கோதுமை மாவு, அரிசி மாவு, குருணை, ரேஷன் துவரம்பருப்பு, புளி. விளக்கேற்றும் நேரத்தில் கரண்டும் போய்விட்டது.

இப்படி ஒரு நாளில் எதைச் செய்வது என்பதில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. பல வருஷம் நானும் "எது சீக்கிரம் ஆகும்?" என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அது தப்புக் கணக்கு. பெரும்பாலான பண்டங்கள் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் ஆகிவிடும். நேரத்தைத் தின்பது தொட்டுக்கொள்ளச் செய்கிற இன்னொன்று. அதனால் இப்போதெல்லாம் முதலில் கேட்டுக்கொள்வது, இது தொட்டுக்க இல்லாமல் தனியாக நிற்குமா என்பதுதான். ரெண்டாவது, நான் அடுப்பு முன்னால் நின்றுகொண்டே இருக்க வேண்டுமா, மூடி வைத்துவிட்டு நகரலாமா.

தோசையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் "மாவு இருந்தால் கவலை இல்லை" என்பது நம்மூர்ப் பெண்களிடம் வழிவழியாகச் சொல்லப்படும் பெரிய பொய். ஆறு பேருக்கு ஆளுக்கு நாலு வைத்தால் இருபத்து நாலு தோசை. ஒரு கல்லில் ஒரு தோசைக்கு ரெண்டு நிமிடம் என்றாலும் 48 நிமிடம், அதுவும் இடம் விட்டு அசையாமல். முதல் தோசை வேகும்போது சாப்பிட உட்கார்ந்த ஆள் கை கழுவிப் போய்விடுவார், கடைசித் தோசையை நான் நின்றபடியே தின்பேன். கேஸும் அந்த 48 நிமிடமும் எரிந்துகொண்டேதான் இருக்கும். இத்தனைக்கும் சட்னி வேறு வேண்டும். கரண்ட் இல்லாத நாளில் மிக்ஸி ஓடாது. அம்மி கொல்லையில் மழையில் நனைந்துகொண்டிருக்கும்.

மாவு அதிகம் புளித்திருந்தால் கொஞ்சம் அரிசி மாவும் ரவையும் கலந்து பத்து நிமிடம் வைத்தால் புளிப்பு அடங்கும், அது சரி. ஊத்தப்பமாக ஊற்றினால் ஆளுக்கு ரெண்டு போதும், நேரம் பாதியாகும், அதுவும் சரி. வெங்காயத்தை மேலே தூவிவிட்டால் பொடியும் நல்லெண்ணெயும் வைத்தே ஒப்பேற்றலாம். இவ்வளவு சலுகை கொடுத்தாலும் தோசை ரெண்டு மூன்று பேருக்கான பண்டம்தான். இவரும் நானும் மட்டும் இருக்கிற நாளில் தோசையை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆறு பேர் வீட்டில் அது ஒருத்தியை அடுப்போடு கட்டிப்போடுகிற வேலை.

கும்பகோணம் பக்கத்துச் சொந்தம் யாராவது வந்தால் "உருளைக்கிழங்கு இருக்கே, கடப்பா பண்ணிடேன்" என்பார்கள். பாசிப்பருப்பையும் கிழங்கையும் வேகவைத்து, தேங்காய், பொட்டுக்கடலை, கசகசா, பச்சை மிளகாய் அரைத்துவிட்டுக் கொதிக்கவிடுவது. இட்லி தோசைக்கு அதைப்போல் அமையாது, மறுக்கவில்லை. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைக்கு. தொட்டுக்கொள்வதற்கே அரை மணி நேரம் ஆகிற பண்டத்தை ஏழேகாலுக்கு நினைக்கவே கூடாது.

சப்பாத்திக்கும் இதே கணக்கு. பதினெட்டு உருண்டை, உருட்டல், தேய்த்தல், சுடல், கூடவே குருமா. கோதுமை மாவைக் கரைத்து வெங்காயம், மிளகாய் போட்டு ஊற்றும் தோசை கொஞ்சம் தேவலை. புளிக்க வைக்க வேண்டாம், சட்னி இல்லாமலும் இறங்கும். மாமாவுக்கு மட்டும் ரெண்டு கோதுமை தோசை, மற்றவர்களுக்கு வேறு என்று பிரித்துச் செய்யலாமே என்று இவர் யோசனை சொல்வார். ஆளுக்கொரு பண்டம் என்று ஆரம்பித்தால் அது வீடு இல்லை, ஹோட்டல். பாத்திரம் தேய்ப்பது யார் என்பதை யோசனை சொல்பவர்கள் யோசிப்பதே இல்லை. அடை என்றால் அரிசி பருப்பு ஊறவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் அது இந்தப் போட்டியிலேயே இல்லை.

ரவை உப்புமா? வேகத்தில் அதை அடிக்க ஆளில்லை. ஒரு டம்ளர் ரவைக்கு ரெண்டரை டம்ளர் தண்ணீர், பதினைந்தே நிமிடம். அதற்கு இருக்கிற கெட்ட பேரும் அதே அளவு. தட்டைப் பார்த்ததும் பெரியவளின் உதடு கோணும், சின்னவன் சர்க்கரை டப்பாவைத் தேடுவான். அவன் தொட்டுக்கொள்வதைப் பார்த்து மாமாவும் "ஒரு ஸ்பூன் எனக்கு" என்பார். உப்புமா தனியாக நிற்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மீந்த உப்புமாவைக் காலையில் சீண்டுவாரும் கிடையாது. தனியாக இருக்கும் ஆளுக்கு அது தெய்வம். எங்கள் வீட்டுக்கு அது கடைசிப் புகலிடம்.

ரொம்ப ஜாக்கிரதையாகப் பேச வேண்டியது மதியச் சோற்றைப் பற்றி. இருக்கிற சோற்றில் எலுமிச்சம்பழம் பிழிந்தோ புளிக்காய்ச்சல் கிளறியோ முட்டையை உடைத்துப் போட்டோ முடித்துவிடலாம் என்று தோன்றும். பத்து நிமிட வேலை, தொட்டுக்க அப்பளம் போதும். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு சித்திரை மாதம், காலை பத்து மணிக்கு வடித்த சோறு ராத்திரி வரைக்கும் பானையிலேயே கிடந்தது. மோந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. எலுமிச்சம் சாதம் கிளறிப் போட்டேன். நடுராத்திரியில் சின்னவன் வாந்தி எடுக்க ஆரம்பித்து விடியும்வரை நிற்கவில்லை. பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி அரிசியிலேயே இருக்குமாம். அதன் வித்து சோறு வேகிற சூட்டையும் தாங்கும். சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அந்த வித்து முளைத்துப் பெருகி நஞ்சை விடும். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. வாசனையிலும் தெரியாது. எல்லாம் அதற்கப்புறம் கற்றுக்கொண்டதுதான்.

அதனால் இப்போது ஒரே சட்டம்: மதியம் சாப்பிட்டு எழுந்த கையோடு மீந்த சோறு ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், இல்லை தண்ணீர் ஊற்றிக் காலைப் பழையதுக்குப் போக வேண்டும். ரெண்டும் இல்லாமல் கிடந்த சோற்றை ராத்திரிக்கு எடுப்பதில்லை. அன்றைக்கு அத்தை மறக்காமல் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். அதனால் சோற்றுக் கட்சி அங்கேயே படுத்துவிட்டது.

புதுசாகச் சோறு வைத்தால்? குக்கரில் அரிசியும் பருப்பும் சேர்த்து வைத்து, பருப்பு சாதமாகவே இறக்கிவிடலாம். ரெண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய் வற்றல், சீரகம். ஒரே பாத்திரம், நாலு விசில். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் கிலோ பருப்பு இதற்காகவே படைக்கப்பட்டது. கொஞ்சம் நெய், சுட்ட அப்பளம், முடிந்தது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் அத்தை விடமாட்டார். "ராத்திரியில மாமாவுக்குச் சோறு போடாதே, டாக்டர் டிபன்தான் சாப்பிடச் சொல்லியிருக்கார்." இட்லியும் தோசையும் அதே அரிசிதான் அத்தை, எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது என்று பத்து வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நாலு இட்லி வைத்தால் "லைட்டா" என்பார், அதே அளவு சோறு வைத்தால் முகம் மாறும். இதில் ஜெயிக்க முடியாது. ஒரு கைப்பிடி பருப்பைக் கூடப் போட்டு, அரிசியைக் குறைத்து, "பொங்கல்" என்று பெயர் மாற்றிப் பரிமாறினால் மட்டும் சத்தமில்லாமல் உள்ளே போகிறது. ராத்திரியில் வெண்பொங்கல் டிபன் கணக்கில் சேர்ந்துவிடும், பருப்பு சாதம் சேராது. என்ன நியாயமோ.

முட்டை, கருவாடு என்று ஒரு கட்சி உண்டு. மதியப் புளிக்குழம்பு மீந்திருந்தால் அதைச் சட்டியில் சுண்டக் காய்ச்சி, பத்து நிமிடம் வேகவைத்த முட்டையைக் கீறிப் போட்டால் அருமையான முட்டைக் குழம்பு. சுண்டின குழம்புக்கு மதியக் குழம்பு பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் கீழே சோறோ தோசையோ வேண்டும், அதாவது இது தொட்டுக்கவே தவிர சாப்பாடு இல்லை. முட்டை நாலு, ஆள் ஆறு என்ற வழக்கு வேறு. வேளாங்கண்ணி போனபோது வாங்கி வந்த நெத்திலிக் கருவாடு டப்பாவில் இருக்கிறது. அதை வெந்நீரில் ஊறப்போட்டு ரெண்டு மூன்று தண்ணியில் மண் போகக் கழுவி வறுக்க அரை மணி நேரம் வேண்டும். மழைநாளில் வீடு முழுக்க வாடை நிற்கும். எதற்கும் செவ்வாய், வெள்ளி, சனி, கிருத்திகை, அமாவாசை எல்லாம் கழித்துப் பார்த்தால் வாரத்தில் எத்தனை நாள் மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கருவாட்டின் இடம் மறுநாள் காலைப் பழையது பக்கத்தில்.

கொல்லையில் முருங்கை மரம் நிற்கிறது, கீரையை உருவிப் போட்டால் என்ன என்று கேட்டால், ராத்திரியில் கீரை ஆகாது என்பது அத்தையின் சட்டம். தயிருக்கும் அதே சட்டம். அதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறதோ இல்லையோ, இருட்டில், மழையில், டார்ச் வெளிச்சத்தில் கீரையில் புழு பார்க்க முடியாது என்ற காரணமே எனக்குப் போதும்.

இந்தத் தயிர்ச் சட்டத்தால்தான் ஒரு நல்ல பண்டம் எங்கள் வீட்டில் ராத்திரியில் வருவதில்லை: மோர்க்களி. புளித்த மோரில் அரிசி மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகும் மோர்மிளகாயும் தாளித்து ஊற்றிக் கிளறுவது. ஒரு டம்ளர் மாவுக்கு மூன்று டம்ளர் மோர். இருபது நிமிடத்தில் ஆகும், தொட்டுக்க ஒன்றும் வேண்டாம், மோர்மிளகாயே துணை. பார்த்தால் என் ரெண்டு கேள்வியில் ஒன்றில் முழு மார்க். ரெண்டாவதில் தோற்கும்: கையை எடுக்கவே முடியாது, நிறுத்தினால் அடிப்பிடிக்கும். தாராளமாக எண்ணெய் கேட்கும். சூடாகத் தின்றால்தான் உண்டு, ஆறினால் பசை. கிளறுவதற்குக் கை இருந்து, வீட்டில் தயிருக்குத் தடையும் இல்லாதவர்கள் தாராளமாக இதை எடுக்கலாம்.

கடையில் பரோட்டா வாங்குவதைச் சொல்லாமல் விட்டால் இவர் கோபிப்பார். மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய், காத்திருந்து, சால்னா பொட்டலம் ஒழுகாமல் கொண்டுவர முக்கால் மணி நேரம். நேரம் மிச்சமில்லை, காசும் மிச்சமில்லை, மாமாவின் தட்டுக்கு அது ஆகவும் ஆகாது. பிள்ளைகள் மட்டும் அதற்கு ஓட்டுப் போடுவார்கள்.

கடைசியில் நான் எப்போதும் போய் நிற்பது புளிப்பொங்கலில். தஞ்சாவூர்ப் பக்கம் இதைச் சாப்பிடாத வீடு குறைவு, ஆனால் விருந்தாளி வந்தால் சொல்லக் கூச்சப்படுவார்கள், ஏதோ இல்லாத வீட்டுப் பண்டம் மாதிரி. செய்வது குருணையில், அதாவது உடைந்த அரிசியில். சொந்த நெல்லை மில்லில் கொடுத்து அரைத்துவருகிறவர்களுக்கு அரிசியோடு தவிடும் குருணையும் திரும்பி வரும். பாதியைக் கோழிக்குப் போட்டுவிடுவார்கள். நான் ரெண்டு முறை புடைத்து, கல் பார்த்து, டப்பாவில் மிளகாய் வற்றல் ரெண்டைப் போட்டு வைத்துவிடுவேன், வண்டு வராது. சம்பா பட்டத்தில் நாங்கள் சி.ஆர். 1009 நெல் போடுவோம், இட்லிக்குப் பேர்போன தடித்த ரகம். அதன் குருணை பொங்கலில் உதிரியாக நிற்கும். பொன்னிக் குருணை சீக்கிரம் குழைந்துவிடும். குருணை இல்லாதவர்கள், கரண்ட் இருக்கிற நாளில் பச்சரிசியை மிக்ஸியில் ரெண்டு சுற்று உடைத்து வைத்துக்கொள்ளலாம்.

ஆறு பேருக்கு மூன்று டம்ளர் குருணை. நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, ஒரு பிடி வேர்க்கடலை, நாலைந்து மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை. பெரிய எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, அந்தக் கரைசலும் தண்ணீரும் சேர்ந்து எட்டரை டம்ளர் வரும்படி ஊற்றி, மஞ்சள், உப்புப் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட வேண்டும். குருணையைத் தூவி, ஒரே ஒரு கிளறு, மூடி, தீயைக் குறைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். பதினைந்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் போதும். அப்புறம் அடுப்பை அணைத்து, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு ஐந்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும், அதில் நான் அடுப்பருகே நிற்பது பத்து நிமிடம். மிச்ச நேரத்தில் ஈரச் சேலையை மாற்றினேன், சின்னவனின் வீட்டுப்பாடத்தைப் பார்த்தேன், மெழுகுவர்த்தி தேடினேன்.

குறை இல்லாமல் இல்லை. தை, மாசியில் புது நெல் அரைத்துவந்த கையோடு இதே அளவு தண்ணீர் ஊற்றி ஒரு தடவை கூழாக்கியிருக்கிறேன். புது அரிசிக்கு டம்ளருக்கு அரை டம்ளர் தண்ணீரைக் குறைக்க வேண்டும். புளி ஆகாத வயிற்றுக்காரர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்கு அதே குருணையில் மிளகு, சீரகம், தேங்காய் போட்டு அரிசி உப்புமா, புளி மட்டும் கிடையாது, வேலை அதே வேலைதான். மாமாவின் சர்க்கரைக்கும் இது ஒன்றும் மருந்தில்லை, இதுவும் அரிசிதான். அவருக்கு அளவாக ஒரு கரண்டி, கூடவே ஒரு முழு முட்டை என்று வைத்தேன். "இன்னும் கொஞ்சம்" என்று தட்டை நீட்டினார், அத்தை பார்த்த பார்வையில் இழுத்துக்கொண்டார்.

மீந்த மூன்று முட்டையில் ரெண்டு பிள்ளைகளுக்கு. ஒன்றை இவரும் நானும் பாதிப் பாதி. அத்தைக்கு அன்றைக்குக் கிருத்திகை. மதியக் குழம்பை சுண்டக் காய்ச்சிக் காலைப் பழையதுக்கு எடுத்துவைத்தேன்.

புளிப்பொங்கலை வெண்கல உருளியில் செய்தால் அடியில் ஒரு காந்தல் பிடிக்கும், பொன்னிறமாக, மொறுமொறுவென்று. சாதாரணமாக அடிப்பிடித்தால் திட்டுவார்கள், இதற்கு மட்டும் சண்டை போடுவார்கள். உதடு கோணுகிற பெரியவள் புத்தகத்தை மூடிவிட்டுத் தானே எழுந்து வந்தாள், எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, கரண்டியோடு. உருளி அதற்குள் சின்னவன் மடியில் இருந்தது.